முந்நூறு பயறு

அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போன எவர்சில்வர் கிண்ணத்தைக் காணவில்லை. விஜயராணி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தாள். எண்ணெய்த் தூக்கு இருந்தது, உப்பு ஜாடி இருந்தது, அம்மா காலையில் தோசை வார்த்த கல் இருந்தது. கிண்ணம் இருந்த இடத்தில் ஈரம் காய்ந்த வட்டம் மட்டும் கிடந்தது.

திருப்பூர் வேலம்பாளையத்து லைன் வீடுகளில் பாத்திரம் காணாமல் போவது ஒரு விஷயமே இல்லை. பகலில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அடுத்த வீட்டு டம்ளர் நடந்து போகும், மறுநாள் நடந்து திரும்பி வரும். ஆனால் அந்தக் கிண்ணத்தில் இருந்தது முந்நூறு தட்டாம்பயறு. அவை ஊறிக்கொண்டிருந்தது வெறும் தண்ணீரில் இல்லை, விஷத்தில்.

அதை விஷம் என்று யாராவது சொன்னால் விஜயராணிக்குப் பிடிக்காது. அவள் தாவரவியலில் ஆராய்ச்சி செய்கிறவள். கண்வலிக்கிழங்குச் செடியிலிருந்து எடுக்கிற மருந்து அது. தாராபுரம், மூலனூர்ப் பக்கம் காட்டில் பந்தல் போட்டு அந்தச் செடியை வளர்ப்பார்கள். பூ செங்காந்தள் என்று பெயர் வாங்கும், விதை கப்பலேறும். அளவோடு கொடுத்தால் மூட்டுவலி போகும், அளவு மிஞ்சினால் ஆளே போய்விடுவார். விஜயராணியின் குடும்பம் புறப்பட்டு வந்த சங்கரன்கோயில் பக்கத்து ஊர்களில் அந்தக் கிழங்கின் பெயரைச் சொன்னாலே, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள், யாராவது அதைத் தின்று வைத்துவிட்டார்களோ என்று வீட்டைப் பார்த்து ஓடுவார்கள்.

அந்த மருந்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு செல் இரண்டாகப் பிரியுமுன் தன் குரோமோசோம்களை இரண்டு செட்டாக நகலெடுத்து வைத்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து மருந்து உள்ளே போனால் பிரிவினை நின்றுவிடும், நகல் மட்டும் தங்கிவிடும். தட்டாம்பயற்றுக்கு இருபத்திரண்டு என்ற கணக்கு நாற்பத்து நான்காகிவிடும். காலனிக்குப் பின்னால் ஓர் ஓடை இருக்கிறது. ஒரு காலத்தில் சாயத்தண்ணீர் ஓடி ஓடி, இன்றைக்கும் வெயில் காலத்தில் கரை உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும். அங்கே எது போட்டாலும் கருகும், அருகம்புல் மட்டும் நிற்கும். விஜயராணி அந்தப் புல்லின் வேர்நுனியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்த்தாள். நல்ல தோட்டத்துப் புல்லில் இருந்ததைப்போல இரண்டு பங்கு இருந்தது. பனிமலையிலும் உப்புக்கரையிலும் இப்படி இரட்டைச் செட்டுக்காரர்கள் அதிகம் தென்படுவார்கள் என்று அவளுடைய பேராசிரியர் ஞானசம்பந்தம் சொல்லியிருந்தார். புல்லுக்குத் தானாக வந்த வரத்தைப் பயற்றுக்கு நாமே கொடுத்தால் அதுவும் அந்தக் கரையில் நிற்குமா என்பதுதான் அவள் கேள்வி. ராத்திரி பகல் பாராத கேள்வி.

"ரெண்டு செட்டு எதுக்குடி அதுக்கு?" என்று அவள் அம்மா சின்னத்தாய் ஒருநாள் கேட்டாள். சின்னத்தாய் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருப்பவள்.

"டீசர்ட்டுக்கு உள்பக்கம் ஒரு பட்டன் கூடத் தச்சு அனுப்புவீகள்லா, ஒண்ணு அறுந்தா மாத்திக்கிடட்டும்னு? அந்த மாதிரி."

"அப்ப துணி கனத்துல்லா போகும்?"

"போகும்தான். வளர்த்தி மெதுவாத்தான் இருக்கும். குட்டையா, தடிச்சு மொத்தமா நிக்கும். நல்ல மண்ணுல அதுக்கு மதிப்பே இல்ல. கெட்ட மண்ணுலதான் தெரியும்."

அதெல்லாம் சரி. அந்த மருந்தை ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது ஞானசம்பந்தத்தின் முதல் கட்டளை. கல்லூரி தொடர் விடுமுறை. பயறோ மூக்கு விட்டுவிட்டது. மூக்கு விடும் நேரம் தப்பினால் முந்நூறும் வீண். அதனால் ஒரு பாட்டிலில் ஊற்றிப் பைக்குள் போட்டு எடுத்து வந்துவிட்டாள். கண்ணாடிக் கிண்ணத்துக்குப் பதில் வீட்டு எவர்சில்வர் கிண்ணம். வெளிச்சம் படக்கூடாது என்று மேலே ஒரு வெள்ளைப் பனியன் துணி. ஒரு சீட்டும் எழுதி ஒட்டினாள். படித்த பெண்ணுக்கு 'தொடாதே' என்று தமிழில் மூன்றெழுத்து எழுதத் தோன்றவில்லை. மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, அதையும் கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்தாள்.

இப்போது அவள் கண் பலகையின் மேல் போயிற்று. அங்கே அம்மாவின் பித்தளைக் குண்டான் இருந்தது. அதன் மேலும் வெள்ளைப் பனியன் துணி. இன்றைக்கு முளைப்பாரிக்கு முத்து, அதாவது விதைப்பயறு, போடுகிற நாள்.

தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் ஊர்க் கோயில் கொடைக்குப் போக முடியாமல், ஷிப்மென்ட் என்று கம்பெனி லீவு தராமல் அழுத ஒரு வருஷத்தில், காலனி வேப்பமரத்தடியிலேயே ஒரு மாரியம்மனை வைத்து முளைப்பாரி போட ஆரம்பித்தார்கள். ஊரில் வீட்டுக்கு வீடு காய்ந்த பயறாக வாங்கி ஒரே இடத்தில் நனைப்பார்கள். இங்கே தண்ணீர் வருகிற நாள் வேறு, ஷிப்டு வேறு. அதனால் அவரவர் வீட்டில் நனைத்து, வெள்ளைத் துணி மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட வேண்டும். முத்து எடுக்கிறவள் வந்து எடுத்துக்கொள்வாள். அதை உற்றுப் பார்க்கக் கூடாது, மோந்து பார்க்கக் கூடாது, எண்ணவே கூடாது. அது அந்த நிமிஷமே ஆத்தாளுடையது. பாரிச் சட்டிகளில் பரப்பியது போக மிச்சத்தை அண்டாவில் அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள்.

விஜயராணி ஓடினாள்.

வேப்பமரத்தடியில் அண்டா இறங்கியாகிவிட்டது. தேங்காயும் போட்டுக் கிளறி, ஆவி பறந்துகொண்டிருந்தது. கம்பெனி விட்டு வந்த பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் தொன்னையோடு முண்டியடித்தார்கள். சித்ராதேவி மஞ்சள் சேலையில் கரண்டியோடு நின்றாள். அவள் ஓவர்லாக் டெய்லர், விரதம் இருந்து பாரிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு இந்த வருஷம் அவளுக்குத்தான். முத்து எடுத்ததும் அவள்தான். அவள் புருஷன் முனீஸ் அடுப்பில் விறகை இழுத்து அணைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, எங்க வீட்டுல பயறு எடுத்தீகளா?"

"எடுத்தேன் தாயி. உங்கம்மா ஷிப்டுக்குப் போகும்போதே சொல்லிட்டுத்தான் போச்சு. வெள்ளத்துணி போட்டு வச்சிருக்கேன், எடுத்துக்கன்னு."

"எது? அடுப்பு மேல இருந்ததா, பலகை மேல இருந்ததா?"

"வாசல்ல நின்னா கண்ணுக்குத் தெரிஞ்சது எதுவோ அது. முத்தப் போய் யாராச்சும் உத்துப் பாப்பாகளா?"

"எதுலக்கா போட்டீக?"

"எதுல போடுவாக? தண்ணிய வடிச்சிட்டுப் பாரியில கொஞ்சம் போட்டேன், மிச்சத்த அண்டாவுல தட்டினேன். ஏன், உங்க வீட்டுப் பயறுக்கு மட்டும் தனிப் பந்தி வைக்கணுமா?"

பெண்கள் சிரித்தார்கள். "அதுல கெமிக்கல் இருக்குக்கா. குடுக்காதீக. யாருக்கும் குடுக்காதீக."

"கெமிக்கலா? இந்த ஊருல குடிக்கிற தண்ணியே கெமிக்கல்தான். போடி, அங்கிட்டு" என்றாள் ஒருத்தி. இன்னொரு சிரிப்பு எழுந்தது. திருப்பூரில் அந்த வார்த்தைக்கு யார் பயப்படுவார்கள்? காலையில் எழுந்தால் கையில் ஒட்டுவது அது, மாலையில் கழுவினால் போவது அது.

அதற்குள் சித்ராதேவியின் மகள், நாலு வயசுக் குழந்தை, முதல் தொன்னையை வாங்கிவிட்டாள். ஊதி ஊதி ஒரு பிடி அள்ளி வாய்ப்பக்கம் கொண்டுபோனாள்.

விஜயராணி யோசிக்கவில்லை. ஓங்கி ஓர் அடி. தொன்னை பறந்தது. குழந்தையின் கன்னத்திலும் விழுந்தது அந்த அடி. குழந்தை மல்லாக்க விழுந்து வீரிட்டது. பெண்கள் எழுவதற்குள் விஜயராணி அண்டாவைக் காலால் எத்தினாள். ஒரு தடவைக்கு அசையவில்லை. இரண்டாவது தடவை சாய்ந்தது, கொதிக்கிற பயறு அவள் பாதத்தின் மேலேயே கொட்டியது. அந்த எரிச்சலோடு எரிச்சலாகக் கத்தினாள்:

"கண்வலிக்கிழங்கு! கண்வலிக்கிழங்கு விஷம் அதுல கலந்திருக்கு!"

அப்போதுதான் சத்தம் அடங்கியது. கெமிக்கலுக்குச் சிரித்தவர்கள் கிழங்கின் பெயருக்கு வாயடைத்துப் போனார்கள். ஆளாளுக்குத் தங்கள் பிள்ளையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தார்கள். எந்த வாயிலும் ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளையும் தின்னவில்லை.

தின்னவில்லை என்பதுதான் வினையாகப் போயிற்று. யாராவது ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டிருந்தால் விஜயராணியைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாததால் பயம் கொஞ்ச நேரத்தில் வடிந்து, அடியில் கிடந்த கோபம் மேலே வந்தது.

"ஆத்தா சோத்தக் காலால எத்திட்டாளே!"

"எம் புள்ளைய அடிச்சிட்டா" என்று சித்ராதேவி குழந்தையை வாரியெடுத்தாள். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. "நாங்கூட இதுவர கை வச்சதில்ல. எம் புள்ளைய, ஆத்தா முன்னாடி வச்சு..."

விஜயராணி வெந்த காலோடு மண்வெட்டி எடுத்து வந்து சிந்திய பயற்றை மண்ணோடு வழித்துக் குழி தோண்டிப் புதைத்தாள். ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. அதற்குமுன் ஒரு கோழி ஓடி வந்து நாலு பயற்றைக் கொத்திக்கொண்டு போனது. மறுநாள் அந்தக் கோழி தெருவில் ஜம்மென்று நடந்து வந்தபோது, முனீஸ் அதைக் காட்டி, "விஷம் தின்ன கோழி வருது, வழி விடுங்க" என்றான். அதற்குக் காலனி முழுக்கச் சிரிப்பாகச் சிரித்தது. கொத்திய நாலும் எந்த வீட்டுப் பயறோ, யார் கண்டது.

சின்னத்தாய் ஷிப்டு முடிந்து வந்து எல்லாம் கேட்டாள். மகளின் காலுக்கு மருந்து போட்டாள். போட்டு முடித்துக் கையைத் துடைத்த பிறகுதான் பேசினாள்.

"வீட்டுக்குள்ள விஷத்த வச்சிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. பயறு நனைஞ்சு கெடக்கேன்னு நானே எடுத்து அவிச்சிருந்தா?"

விஜயராணிக்கு அழுகை வந்தது. ஊரெல்லாம் திட்டியதற்கு வராத அழுகை. அன்றைக்கே ஞானசம்பந்தத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவர், கல்லூரி திறந்ததும் ஆய்வுக்கூடச் சாவியைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொன்னார்.

லைன் வீடுகளின் சொந்தக்காரி சாமியாத்தாள் உள்ளூர்க்காரி, மனசில் கள்ளமில்லாதவள். அவளும் வந்து வாசற்படியில் நின்றாள். "ஏங்கண்ணு, படிச்ச புள்ள இப்படிப் பண்ணிப்போட்டயே. அவிக எல்லாரும் ஒண்ணாச் சேந்து வந்து நிக்கறாங்க. நீ இருந்தா அவிக ஊட்டைக் காலி பண்ணிக்கறாங்களாமா. நானென்ன பண்ணட்டும் சொல்லு. நோம்பி முடியட்டும், வேற ஊடு பாத்துக்கங்க."

வீடு போவது ஒரு பக்கம். விஜயராணியைத் தின்றது வேறொரு கணக்கு. முந்நூறில் எத்தனை பாரிக்குப் போயிற்று, எத்தனை அண்டாவுக்குப் போயிற்று? எல்லாமே அண்டாவுக்குப் போயிருந்தால் பாரிகள் அத்தனையும் நெட்டுக்குத்தாக, அழகாக வளரும். அவள் காலனியைக் காப்பாற்றினாள் என்று அர்த்தம். ஆனால் ஊர் அவளைப் பொய்க்காரி என்று சொல்லும். எல்லாமே பாரிக்குப் போயிருந்தால் செடி குட்டையாக, கழுத்து வீங்கி வரும். அவள் சொன்னது உண்மை என்று தெரியும். ஆனால் அவள் எத்தியது வெறும் பயறு, ஆத்தாளின் நல்ல சோறு. அதோடு முளை கோணினால் தண்ணீர் ஊற்றியவளின் விரதத்தில்தான் குறை என்பார்கள். பழி சித்ராதேவி தலையில் விழும். எதை வேண்டிக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. எப்படி முளைத்தாலும் ஒருத்திக்கு இடி.

ஒருநாள் மனசு கேளாமல் முளைப்பாரி வைத்திருந்த அறை வாசலுக்குப் போனாள். வெளிச்சம் புகாத அறை. உள்ளே போகிற உரிமை சித்ராதேவிக்கு மட்டும்தான்.

"அக்கா, ஏதாவது சட்டியில செடி மொத்தமா வந்திருக்கா? வந்திருந்தா ஆடு மாட்டுக்குப் போட்டுராதீக."

சித்ராதேவி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உள்ள என்ன வந்திருக்குன்னு சொல்லக்கூடாது. அதுகூட உனக்குத் தெரியாதாக்கும்." கதவு சாத்திக்கொண்டது. ஆனால் சாத்துவதற்கு முன் அவள் கண் ஒரு கணம் அறைக்குள்ளே ஒரு மூலைக்குப் போய் வந்ததை விஜயராணி பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்தது கோபமில்லை, பயம்.

பாரி எடுக்கிற மாலை வந்தது. மேளம் வந்தது. குலவை கிளம்பியது. சட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து மரத்தடியில் இறக்கினார்கள். இருட்டில் வளர்ந்த முளைகள் வெளிறிய மஞ்சளாக, முழ உயரத்துக்கு நெருக்கமாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குலவை. விஜயராணி கூட்டத்துக்கு வெளியே, குழாயடியில், அம்மாவின் பக்கத்தில் நின்றாள். அம்மாவை இந்தத் தடவை கும்மிக்குக் கூப்பிடவில்லை.

கடைசியில் சித்ராதேவியின் சொந்தச் சட்டி வந்தது. அதற்குக் குலவை எழவில்லை.

சட்டியின் ஒரு பாதி எல்லாச் சட்டியையும் போலத்தான் இருந்தது. மறு பாதியில் விரற்கடை உயரத்துக்கு மேல் எதுவும் எழும்பவில்லை. தண்டு வீங்கி, சுண்டுவிரல் தடிமனில் மண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. இலை தடித்துச் சுருங்கியிருந்தது. பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது.

"விரத நேமம் தப்பிருக்கு" என்று ஒரு குரல் கூட்டத்திலிருந்து வந்தது. யார் சொன்னது என்று தேட வேண்டிய அவசியமில்லை, எல்லார் முகத்திலும் அதுவே எழுதியிருந்தது. "புள்ளக்காரி, எங்கயாவது எச்சில் பட்டிருக்கும்." "தூக்கி ஓரமா வைங்க. கோயிலுக்கு ஆகாது."

சித்ராதேவி சட்டியின் முன் கட்டை மாதிரி நின்றாள். இத்தனை நாளும் அவள் வாயில் உப்புப் படவில்லை. அவள் உதடு வெடித்திருந்தது.

விஜயராணி சும்மா நின்றிருக்கலாம். நின்றால், தன் பயறு அத்தனையும் அண்டாவில்தான் விழுந்தது என்று சாதித்துக்கொள்ளலாம். ஆனால் அவள் கால் தாங்கித் தாங்கி நடந்து நடுவில் வந்தாள்.

"அக்கா நேமத்துல ஒரு குறையும் இல்ல. இது எம் பயறு. அந்த மருந்து பட்டா இப்படித்தான் வரும். குட்டையா, மொத்தமா."

கூட்டம் அவளைப் பார்த்தது. முனீஸ்தான் முதலில் பேசினான். முட்டாளில்லை அவன், கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"அப்ப உம் பயறு இங்க இருக்கு. அண்டாவுல இல்ல. ஒண்ணுமில்லாத சோத்தத்தான எத்தி விட்ட? எம் புள்ளைய அடிச்ச?"

"தெரியலண்ணே. எண்ணிப் பாத்தாத்தான் தெரியும். நான் போட்டது முந்நூறு."

"முத்த எண்ணுறதா?" என்று ஒருத்தி வாயைப் பொத்தினாள்.

"முளைக்காம அழுகினது எத்தனையோ, அதக் கணக்குல விட்டுருவ" என்றான் முனீஸ்.

"அதையும் சேத்துத்தான் எண்ணணும். எருவக் கிளறி ஒண்ணு விடாம எடுக்கணும்."

பாரியைக் கிளறுவதா? ஆத்தாள் முன்னாலா? மேளக்காரர்கூட குச்சியைக் கீழே வைத்துவிட்டார். சித்ராதேவி குனிந்தாள். இடுப்பில் செருகியிருந்த வெள்ளைப் பனியன் துணியை உதறித் தரையில் விரித்தாள். சட்டியைத் தூக்கி, குட்டைச் செடிகள் நின்ற பக்கத்தை எருவோடும் வைக்கோலோடும் அப்படியே துணியில் சரித்தாள்.

"எண்ணு" என்றாள்.

இரண்டு பேரும் எதிரெதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்கள். விஜயராணி செடியைப் பிரித்தாள். சித்ராதேவி எருவை விரலால் நுணுக்கி, முளைக்காமல் கருத்துப்போன பயற்றைப் பொறுக்கினாள். மற்ற வீட்டுப் பயறு ஒன்று தப்பி வந்தால் அதன் மெலிந்த வேரைப் பார்த்துத் தள்ளி வைத்தார்கள். சந்தேகமானதை எல்லாம் விஜயராணி தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள். எண்ணிக்கை ஏற ஏற அவளுக்குத்தான் தோல்வி. ஏறட்டும் என்றே விட்டாள். ஐம்பதைத் தாண்டியபோது முனீஸ் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றான். அறுபதோடு செடி தீர்ந்தது. சித்ராதேவி வைக்கோலை உதறினாள். ஓர் அழுகல் விழுந்தது. மறுபடி உதறினாள், மறுபடி உதறினாள். ஒன்றும் விழவில்லை. மற்றச் சட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனையும் நெட்டையாக, சன்னமாக, ஒழுங்காக நின்றன.

"அறுபத்தொண்ணு" என்றாள் விஜயராணி.

அங்கே நின்ற பெண்கள் பாதிப் பேர் செக்கிங், மீதிப் பேர் பேக்கிங். எண்ணிக் கட்டிய துணிக்கட்டில் ஒரு பீஸ் குறைந்தால், குறைந்தது எந்த டேபிளில் போய்க் கிடக்கிறது என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு விடமாட்டார்கள். கழிக்கத் தெரியாதவர் அங்கே ஒருத்தரும் இல்லை.

"மிச்சம் எரநூத்தி முப்பத்தொம்பதுங்க" என்று சாமியாத்தாள் யாரும் கேட்காமலே சொன்னாள். சொல்லிவிட்டு, மரத்துக்கு அந்தப் பக்கம் மண் மூடிக் கிடந்த குழியைப் பார்த்தாள். எல்லாரும் அதையே பார்த்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கி, காரணம் சொல்லத் தெரியாமல், இறுக்கி அணைத்துக்கொண்டாள். முனீஸ் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் கட்டிக்கொண்டான். வீட்டைக் காலி பண்ணுகிற பேச்சை அதற்குப் பிறகு சாமியாத்தாள் எடுக்கவில்லை.

சித்ராதேவி எருவை அள்ளிச் சட்டியில் திரும்பப் போட்டாள். குட்டைச் செடிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி அமுக்கினாள். சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "இது ஆத்தா பேருக்கு வந்த முத்து. குட்டையோ நெட்டையோ, போய்த்தான் ஆகணும்" என்றாள். சின்னத்தாய்தான் முதல் குலவையை விட்டாள்.

ஓடைக்கரையில் மற்றவர்கள் சட்டிகளைத் தண்ணீரில் கவிழ்த்தார்கள். சித்ராதேவி மட்டும் கவிழ்க்கவில்லை. உப்புப் பூத்த வெள்ளை மண்ணில் சட்டியை இறக்கி வைத்து, விஜயராணியைக் கையால் கூப்பிட்டாள்.

"இங்கதான நடணும்னு ஆசப்பட்ட? நடு. தண்ணிக்குப் போற பொருள் தண்ணிக்கரையில கிடந்தா ஆத்தா கோவிக்க மாட்டா."

விஜயராணி மண்டியிட்டுக் குழி பறித்தாள். முள் வெட்டி வந்து சுற்றிலும் அடைக்க வேண்டும், ஆடு வாய் வைக்காமல். "பிழைக்குமா?" என்று சித்ராதேவி கேட்டாள்.

"தெரியலக்கா. பிழைச்சா வேரக் கொஞ்சம் கிள்ளி, நாப்பத்திநாலு இருக்கான்னு எண்ணிப் பாக்கணும்."

சித்ராதேவி தலையாட்டினாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. கொஞ்ச நேரம் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கு... இவ கையில இருந்த தொன்னையில எத்தன இருந்திருக்கும்?"

விஜயராணியின் கை மண்ணிலேயே நின்றது. "தெரியலக்கா" என்றாள். "எங்க வீட்டுல இருந்து கெளம்பினதுதான அது. எனக்கு அதத்தான் தெனமும் எண்ணத் தோணுது. எண்ண முடியல."

குழந்தை விஜயராணியைப் பார்த்ததும் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "அம்மா, இந்த அக்கா என்னைய அடிச்சா" என்றது.

"ஆமா தாயி. அடிச்சா" என்றாள் சித்ராதேவி. மேளமும் குலவையும் ஓய்ந்துபோன அந்தக் கரையில், பிள்ளையின் கன்னத்தைத் தன் கன்னத்தோடு வைத்து அழுத்திக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள்.